ராஜம்மா சம்பந்தியும் நானும் போட்ட பீர்

அன்று காலை டிரையரிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சம்பந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார் என்று அவர் சேலைகளையும் சேர்த்துத் துவைத்திருந்தேன். மாப்பிள்ளை போனும் கையுமாக வந்து நின்றார். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றார். கையில் இருந்த சேலையை மடித்து முடித்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது.

டெக்சஸில் இந்த ரவுண்ட் ராக் ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கு ராஜம்மாவைத் தெரியும். என் மகளின் மாமியார். இந்த வீட்டின் கீழ் அறையில் நாங்கள் இருவரும் ஆறு வருஷம் ஒன்றாக இருந்தோம். அவர் கோயம்புத்தூரில் காலேஜ் லேபில் வேலை பார்த்தவர். நான் அஞ்சாவதோடு நின்றவள்.

பேத்தி நிலாதான் முதலில் எங்களை, அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் ஒரு பப்புக்குக் கூட்டிப்போனாள். இப்போது அவள் டாக்டருக்குப் படிக்கிறாள், அதைச் சொல்லாமல் எனக்கு எழுத வராது. பப் என்றதும் நான் காரைவிட்டு இறங்கவில்லை. உள்ளே சின்னக் குழந்தைகள் ஓடி விளையாடுவதைப் பார்த்துத்தான் இறங்கினேன். பீர் கேட்டதும் அங்கிருந்த பெண் வயதுக்கு அத்தாட்சி கேட்டாள். சம்பந்தி கிரீன் கார்டை எடுத்து நீட்டிவிட்டு என்னிடம், "எழுபது வயசாச்சு, இன்னும் நம்ம மேல சந்தேகம் பாருங்க" என்றார். ஒரு பலகையில் நாலு சின்ன கிளாஸ் வந்தது. "ஒரு வாய் பாருங்க சம்பந்தி. புடிக்கலீன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். பிடித்துவிட்டது.

அப்புறம் மாசம் ஒரு பப். போகிற இடத்திலெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள் என்று நிலாவை விட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். கடைசியில் பார்லி, வாளி, ஈஸ்ட் எல்லாம் வாங்கி வீட்டிலேயே போட ஆரம்பித்தார். கராஜில் வைத்தால் இந்த ஊர் வெயிலுக்குக் கெட்டுவிடும் என்று எங்கள் அறை அலமாரியில் வாளியை வைத்தோம். தினமும் என்னை மோந்து பார்க்கச் சொல்வார். "படிப்பு அஞ்சாவதா இருக்கலாம், உங்க மூக்கு எம்.எஸ்ஸி" என்பார். ஆனால் தராசைத் தொட விட மாட்டார். "கைக்கணக்கு சாம்பாரோட இருக்கட்டும்."

பாட்டிலில் அடைக்கும்போது, உள்ளே காற்று உண்டாகி நுரைக்கக் கொஞ்சமாகச் சர்க்கரை சேர்க்க வேண்டும். ஒருமுறை அவர் நிறுத்துப் போட்டுவிட்டுப் போன் பேசப் போனார். நான் ருசி பார்த்தேன். ஒரே கசப்பு. பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளையின் மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். பாயசம் ஊற்றும் நேரம் படிக்கட்டுக்கு அடியில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. ஹால் கார்ப்பெட்டில் பீர் ஓடி வந்தது. விருந்தாளிகள் போனதும் மாப்பிள்ளை, "யார் வேலை இது?" என்றார். நான் கார்ப்பெட்டைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து இருக்கிறவள் நான்.

"நான்தான்டா. ஞாபகமில்லாம ரெண்டு தடவ சக்கர போட்டுட்டேன்" என்றார் ராஜம்மா.

அறைக்குள் வந்ததும் காலில் விழாத குறையாக அழுதேன். "அட, விடுங்க. நான் அவனப் பெத்தவ, என்ன வேணா பேசிட்டுப் போறான். உங்கள ஒரு வார்த்த சொன்னா அது காலத்துக்கும் நிக்கும். அடுத்த தடவ தராசு பக்கத்துல நீங்களே உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து நிறுக்கும் வேலை என்னுடையது.

நேற்று மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு நாள் அம்மாகிட்ட நான் பேசல அத்தை" என்றார். அந்த மூன்று நாளும் ராஜம்மா என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேத்தி எழுதிய பரீட்சையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கும் என் மகனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. நானும் போகிறேன், மருமகளின் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார். அந்த வீட்டில் நான் பையனைப் பெற்றவள். அவர் கை தவறி எது உடைந்தாலும், யார் கேட்டாலும், நான்தான் என்று சொல்ல ராஜம்மாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.