‘கோ’ சொல்லாத மாணவர்

என் வாழ்நாளில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒருவருக்குத்தான். அவரை நான் ஏற்கெனவே கல்யாணம் செய்துகொண்டிருந்ததால் அவரால் தப்பித்து ஓட முடியவில்லை.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கத்தில். அந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. குத்தகைக்கு எடுத்த வயல் குறுவை போடாமல் காய்ந்து கிடந்தது. தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தார்கள். என் கணவருக்கு டிராக்டரும் ஓட்டத் தெரியும், லாரியும் ஓட்டத் தெரியும். குவைத்தில் ஒரு கம்பெனிக்கு டிரைவர் வேண்டும், மூன்று வாரத்தில் திருச்சியில் இன்டர்வியூ, இங்கிலீஷில்தான் கேட்பார்கள் என்று ஒரு ஏஜெண்ட் வந்து சொன்னார். தேறினால் இரண்டு வருஷம் நிச்சயமான வேலை. தேறாவிட்டால் மறுபடியும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நான் பி.ஏ. ஆங்கிலம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு மளிகைப் பொட்டலம் மடித்து வந்த இங்கிலீஷ் பேப்பரைப் படிக்க மட்டுமே பயன்பட்டது. இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா? மறுநாளே ஒரு சிலேட்டு வாங்கிவந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் பாடம் ‘கோ’. ஜி, ஓ என்று இரண்டே எழுத்து, சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அகராதியைப் பிரித்தால் அந்த இரண்டு எழுத்துக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம். பஸ் கிளம்பினால் கோ. மணி அடித்தாலும் கோ. சாப்பாடு ஊசிப்போனாலும் கோ, தலை வழுக்கையானாலும் கோ, பைத்தியம் பிடித்தாலும் கோ. வெள்ளைக்காரன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பாதிக் குடித்தனத்தை ஓட்டியிருக்கிறான். ‘வென்ட்’ என்பது பிறப்பால் கோவின் பிள்ளையே இல்லை, வேறொரு வினைச்சொல்லின் வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. அதையும் பெருமையாக எடுத்துவிட்டேன்.

"சுவீகாரமா?" என்றார் அவர். "சொத்துல பங்கு உண்டா?"

"மூணு வாரந்தான் இருக்கு. வெளையாடாதீங்க."

அந்தக் கிண்டலை மனுஷர் இன்றுவரை விடவில்லை. ‘பஸ் கோஸ்’ சொல்லச் சொன்னேன், சொன்னார். ‘கரண்ட் கோஸ்’ எங்கள் ஊருக்கென்றே எழுதிய வாக்கியம், அதை இரண்டு தடவை சொன்னார். ‘ஐ கோ’ என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அத எப்புடிச் சொல்றது? வாயில நல்ல வார்த்தயா வரட்டும்."

எங்கள் பக்கத்தில் கிளம்புகிறவர் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார். கடைத்தெருவுக்குப் போனாலும் ‘போயிட்டு வர்றேன்’தான். வெறுமனே ‘போயிட்டார்’ என்றால் ஒரேயடியாகப் போனவரைச் சொல்கிறோம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இது இங்கிலீஷ், இங்கிலீஷுக்கு எந்தத் தோஷமும் கிடையாது என்று கத்தினேன். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும்.

"ஐ கோ அண்ட் கம்," என்றார் சாதுவாக.

"அப்புடியெல்லாம் அவங்க சொல்ல மாட்டாங்க."

"அப்ப அவங்கள்லாம் போனா வர்றதே இல்லியா?"

அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "அவன்தான் மாட்டேங்கிறான்ல, வேற வார்த்த எதாவது சொல்லிக் குடேன். அவ்வளவு பெரிய பொஸ்தகம் வச்சிருக்க, அதுல அது ஒண்ணுதான் இருக்கா?"

எதிர்வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், பத்து வருஷம் குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரைக் கூப்பிட்டு ஒத்திகை இன்டர்வியூ வைத்தேன். பாய் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, "வேர் யூ கோ?" என்று அதட்டினார்.

"குவைத் சார். கோ அண்ட் கம் சார்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல என்னம்மா தப்பு? நானும் ஒவ்வொரு தடவையும் இப்புடித்தான் சொன்னேன். வந்துட்டேன்ல?"

என் பாடத்திட்டம் அன்றோடு கவிழ்ந்தது. ‘ஐ கோ’ சொன்னால்தான் சோறு என்று மிரட்டிப் பார்த்தேன். மாமியார் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டார்.

திருச்சியில் என்ன கேட்டார்கள் தெரியுமா? ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லாரியைக் காட்டி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்தாராம். ஓகே என்றார்களாம். மூன்று வாரம் நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் தேறிவிட்டார். தெருவில் எல்லார் கையிலும் சர்க்கரை கொடுத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்றுதான் நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பயணம். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மெட்ராஸ் போக வேன் வந்து நின்றது. அவர் தன் அம்மா காலில் விழுந்து எழுந்தார், பாயைக் கட்டிக்கொண்டார், வேனில் ஏறி உட்கார்ந்தார். என்னைக் கடைசியாக ஒரு தடவை சந்தோஷப்படுத்தலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்.

"டீச்சரம்மா! ஐ ஆம் கோயிங்!"

நான் வேன் கதவை இழுத்துத் திறந்தேன்.

"எறங்குங்க!"

"ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க. மொதல்ல எறங்குங்க!"

"அக்கா, பத்து இருவது ஆச்சு," என்றார் வேன் டிரைவர்.

"ஆவட்டும்!"

கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவந்தேன். கிளம்பும் நேரத்தில் ஏதாவது தடங்கல் வந்தால், திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்புவது வழக்கம். இங்கிலீஷுக்குத் தோஷம் கிடையாது என்று கத்திய நானேதான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். சிரிப்பில் அவருக்குப் புரையேறி, பாதித் தண்ணீர் புதுச்சட்டையில் கொட்டியது. வாசலில் மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி என்னவென்று டிரைவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்க. தமிழ்ல."

"போயிட்டு வர்றேன்."

"இன்னொரு தடவ."

மூன்று தடவை சொல்லவைத்தேன். பதிலுக்கு நான் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் எழுந்துவிடுவார். திருச்சியில் அந்த லாரியை இவர் எதிலாவது இடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. சிலேட்டும் கையுமாக மூன்று வாரம் உட்கார்ந்து நானே இவரை அனுப்பிவைக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். பத்து இருபத்தொன்பது என்று மாமியார் வாசலிலிருந்து கூவிய பிறகுதான் சொன்னேன்.