ஒன்பதாம் நாள் நுழைந்த பெயர்

அமிர்தவல்லி போய்விட்டாள் என்று உலு யாமிலிருந்து அவளுடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, எஸ்டேட் ஆபீசில் அவள் வேலை பார்த்த அதே கம்ப்யூட்டரின் முன்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மாரடைப்பாம். என்னைவிட நாலு வயது இளையவள். வருத்தத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவளை அறிந்த கோலசிலாங்கூர் நண்பர்களே, அந்தப் பயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தில் கம்ப்யூட்டர் வந்தபோது பொட்டு வைத்துச் சூடம் காட்டினோம். பாதிப் பேர் முருகன் பெயரையே பாஸ்வர்டாக வைத்துக்கொண்டோம். "எல்லாருக்கும் ஒரே சாமின்னா கும்பிடலாம்ண்ணே, பூட்டுப் போட முடியாது" என்று சிரித்தாள் அமிர்தவல்லி. கம்ப்யூட்டருக்குள் நுழைய அனுமதி உள்ளவர்களின் பெயர்கள் ஒரு பட்டியல். அவர்களுடைய பாஸ்வர்ட் பதிவுகள் இன்னொன்று. திங்கட்கிழமைதோறும் காலையில் இரண்டையும் அச்சடித்து, அளவுகோலை வரிவரியாக நகர்த்தி ஒப்பிடுவாள். கடைசியாக யார், எந்த நாள், எந்த அறையில் உள்ள திரையிலிருந்து நுழைந்தார் என்பதையும் பார்ப்பாள். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் விடமாட்டாள். சித்திரகுப்தனுக்குத் தங்கச்சி என்று நான் கேலி செய்வேன்.

மறு வருடம், களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண் ஒருத்தி வேலைக்காட்டில் மயங்கி விழுந்து இறந்தாள். மருந்துக் கலவையை இரட்டிப்பாக்கச் சொன்னது யார் என்று விசாரணை வரவிருந்தது. அதற்குள் கணக்கு எழுதும் கிராணி ராமையா மோட்டார் சைக்கிளில் போய் லோரியில் மோதி இறந்தார். அவர் பெயரை உடனே நீக்கிவிட வேண்டும் என்றாள் அமிர்தவல்லி. கருமாதிக்கு முன் பெயரை அழிப்பது பாவம், பதினாறு முடியட்டும் என்று நான்தான் தடுத்தேன். நம்மில் யார்தான் வேறு மாதிரி சொல்லியிருப்போம்? குமாஸ்தாக்களுக்குத் தலைவனான பெரிய கிராணி நான் என்பதால் என் பேச்சே செல்லுபடியானது.

"அவரு வரமாட்டாருண்ணே. அந்தப் பேர்ல வேற யாராச்சும் வருவாங்க லா" என்றாள்.

வந்தார்கள். ராமையா இறந்த ஒன்பதாம் நாள், காலை பத்தேகாலுக்கு, மேனேஜர் அறையிலிருந்து ராமையாவின் பெயர் உள்ளே நுழைந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அந்த அறைக்குள் கூப்பிடாமல் கால் வைக்காத மனிதர் அவர். கலவையை இரட்டிப்பாக்கும் உத்தரவு, பழைய தேதியோடு, அவர் பெயரில் புதிதாக முளைத்திருந்தது. அவள் அச்சடித்த தாளில் இருவரும் அதைப் பார்த்தோம். நமக்கேன் வம்பு, மடித்து வை என்றேன்.

அவள் அதை விசாரணைக்கு வந்தவர்களிடம் கொடுத்தாள். பக்கத்திலேயே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இதைப் பார்த்தார்களா என்று கேட்டார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் மூன்று பிள்ளைகளையும் அவளுக்குத் தெரியும்.

"நான் மட்டுந்தான் பார்த்தேன்" என்றாள்.

ஒருத்தியின் சொல், அவளே அச்சடித்த தாள். எடுபடவில்லை. இரண்டு வாரத்தில் அவளுக்கு வேலை போயிற்று. ராமையாவின் மனைவி சரோஜா, புருஷன் தலையில் விழுந்த சாவுப் பழியோடு வீட்டைக் காலி செய்து சுங்கை பஞ்சாங்கில் தங்கை வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்றக்கூட, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

மேனேஜர் இன்றும் அதே அறையில்தான் இருக்கிறார். அமிர்தவல்லியின் சாவுக்குப் போக லீவு கேட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண் வீட்டில் பழைய தாள் ஏதாவது வைத்திருந்தாளா என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்தத் தாளைப் பார்த்த எங்கள் இருவரில் இனி மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான் என்பதுதான் என் பயம்.

அமிர்தவல்லியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவள் சொன்ன அந்த ஒரு பொய்தான். மூன்று வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். இனியும் அதை வைத்துக்கொண்டிருந்தால் நான் மனுஷனில்லை. சரோஜாம்மா, உங்கள் கணவர் அந்த உத்தரவைப் போடவில்லை. அந்தத் தாளை நானும் பார்த்தேன்.