வயலில் கட்டியிருந்த சிவப்பு நாடா

அக்கராயனில் பத்து வருடமாக உழுது விதைத்த என் வயலுக்குள் மிதிவெடி இருக்கிறதென்று ஒரு காலையில் முழுமனதாக நம்பினேன். கலியாணவீட்டுக்கு வவுனியா போய் மூன்று நாள் கழித்துத் திரும்பியவன், வீட்டுக்குப் போகாமல் நேரே வயலில் இறங்கி, பாதி வயல் நடந்த பிறகுதான் முளைக்கட்டைகளையும் சிவப்பு நாடாவையும் கண்டேன். சண்டை நடந்த எங்கள் பக்கத்தில் அந்த நாடாவுக்கு ஒரே அர்த்தம்தான்: மிதிவெடி. தூக்கிய காலை ஊன்றப் பயந்து கொக்கு மாதிரி நின்றேன். இந்த மாரிக்கு விதைப்பு இல்லை, இனி வயலும் இல்லை, அனேகமாக இந்தக் காலும் இல்லை என்று முடிவுகட்டினேன்.

நாடாவுக்கு அந்தப் பக்கம் புதிதாக வெட்டியிருந்த ஒரு குழிக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, ஏன் ஒற்றைக்காலில நிக்கிறியள்?”

“பிள்ளை, அசையாதேங்கோ! மிதிவெடி!”

“அது மாடு விழாமல் நாங்கள் கட்டின நாடா, ஐயா. நாங்கள் தொல்லியல் ஆக்கள். ஆதிகாலத்து ஆக்கள் வயலைச் சுத்தி வெட்டின பள்ளம் இருக்கோ எண்டு தோண்டிப் பாக்கிறம். உங்கட வீட்டுக்காரி ஓம் எண்டவா.”

“எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே!”

“போனை வீட்டில விட்டிட்டுப் போட்டியளாம்.”

அவர் சிரிக்கவில்லை. மேலே ஏறி வந்து, எனக்கு முன்னால் நடந்து, தன் காலடித் தடத்திலேயே என்னை நடக்கவைத்து வரம்பில் சேர்த்தார். அதற்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

பள்ளம் இருந்தது. அதற்குள் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் வரைந்து முடித்து, அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலிலும் போட்டு மூடித் தந்தார்கள். நான் அந்தக் கிழமையே விதைத்தேன்.