கீழே வைத்த காப்பி

எங்கள் தெருவில் இப்திஹாஜிடம் திட்டு வாங்காத பெண் ஒருத்தி கூடக் கிடையாது. திட்டு வாங்கிக்கொண்டே அவளிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். காஸாவின் ஷுஜாயியாவில் எங்கள் தெருமுனையில்தான் அவளுடைய பியூட்டி பார்லர். மணப்பெண் அலங்காரம் செய்வாள், கல்யாண கவுன் வாடகைக்கு விடுவாள், ஊர்வம்பை இலவசமாகத் தருவாள்.

என் கல்யாணத்துக்கும் அவள்தான் அலங்காரம். முடியை இழுத்துப் பின்னும்போது வலி தாங்காமல் "ஆ" என்றேன்.

"இதுக்கே கத்துறியே, அபூ ரஸ்மிக்கு மருமகளாப் போய் என்னடி பண்ணப் போற?" என்றாள்.

அவள் சொன்னது சும்மா இல்லை. என் மாமனார் அபூ ரஸ்மி, தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கும் ரகம். மாமியார் போன பிறகு அவருக்கு உலகமே மொட்டை மாடிப் புறாக்கள்தான். பேரப் பிள்ளைகளைப் பேர் மாற்றிக் கூப்பிடுவார், புறாக்களை மாற்றிக் கூப்பிட மாட்டார். எங்கள் பக்கத்தில் புறா பறக்கவிடுகிறவன் சொல்லும் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. அடுத்தவன் புறாவைத் தன் கூண்டுக்குள் இறக்கிவிட்டு 'அதுவா வந்துச்சு' என்று சத்தியம் செய்கிறவர்கள் என்பதால். இப்திஹாஜ் அவரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சீண்டுவாள். அவரும் விட மாட்டார். "ஊருல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் கவுன் மாட்டி விடுற, உனக்கு ஒண்ணு மாட்டிக்கத் தெரியலையே" என்பார். "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைச்சிடுவாரோன்னு பயந்துதான்" என்பாள் அவள்.

போர் வந்தது. அதன்பிறகு போன் மணி அடித்தாலே பிள்ளைகளை வாரிக்கொள்வோம். எடுத்தால் ஒரு குரல், எங்கள் மொழியிலேயே, மரியாதையாகக்கூட, இந்தக் கட்டடத்தை அடிக்கப் போகிறோம், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று சொல்லும். பல நாள் அந்த மரியாதையும் இருக்காது, நேரே குண்டுதான். ஆகவே போன் வந்தால் அதிர்ஷ்டம் என்று நாங்கள் நினைக்கத் தொடங்கியிருந்தோம். எங்கள் பிழைப்பு அப்படி ஆகிவிட்டது.

யாருக்குப் போன் வந்தாலும் முதலில் ஓடியது இப்திஹாஜ் வீட்டுக்குத்தான். அவளை யாரும் இதற்கு நியமிக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுக்கிறார்கள், யாருக்குக் காது கேட்காது, யாரால் படி இறங்க முடியாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எந்த மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

ஆளுக்கு ஏற்ற மாதிரி திட்டுவாள். அதுதான் அவளுடைய வழி. பக்கத்து வீட்டு உம்மு ஹாதிம் கண்ணாடி முன்னால் முக்காடு சரிசெய்து கொண்டிருந்தால், "பொறுமையா வா தாயே, குண்டு வெளிய உட்கார்ந்து காத்துக்கிட்டு இருக்கு!" என்று வாசலிலிருந்து கத்துவாள். நாங்கள் எல்லோரும் ராப்பகலாகத் தொழுகை உடையிலேயே இருந்தோம், எந்த நேரத்தில் ஓட வேண்டிவரும் என்று தெரியாதே. எதிர்வீட்டு ஃபாத்தின் மட்டும் தனி. பாத்திரம் கழுவாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டாள். "இடிஞ்ச வீட்டுக்குள்ள எச்சில் தட்டு கிடந்தா ஊரு என்ன பேசும்?" என்று கேட்பாள். இப்திஹாஜ் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி எறிந்து, அவளையும் கைக்குழந்தையையும் சேர்த்து இழுத்து வருவாள்.

எங்களுக்கு வெள்ளைக் கொடியும் அவள் செய்ததுதான். பார்லரிலேயே பெரிய கவுனின் பின்னால் இழுபடும் துணியை வெட்டி, துடைப்பக் கட்டையில் கட்டினாள். ஓரமெல்லாம் முத்து தைத்த வெள்ளைக் கொடி காஸாவில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. அதன் பின்னால் வரிசையாக நடப்போம், பிள்ளைகள் கல்யாணப் பாட்டைப் பாடும்.

ஒரு நாள் மத்தியானம் போன் எங்கள் வீட்டுக்கே வந்தது. எங்கள் கட்டடம்தான். தெரு காலியானது. மாமா மட்டும் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க. நான் புறாங்கள விட்டுட்டு வர்றதா இல்ல."

"மாமா, பிள்ளைங்க..."

"பிள்ளைங்களத்தான் கூட்டிட்டுப் போன்னு சொல்றேன். என் சாட்சியே கோர்ட்டுல செல்லாது. என்னைக் கொன்னு எவனுக்கு என்ன லாபம்?"

என் கணவர் ரஸ்மி ஆஸ்பத்திரியில் நர்ஸ். போர் ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கடைசியாகப் பேசியபோது, 'அப்பாவைத் தனியா விட்டுடாத' என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் நான்கு பிள்ளைகளோடு படிக்கட்டில் நின்றேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. இந்தக் கிழவனோடு சேர்ந்து என் பிள்ளைகளும் சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபம் ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இப்திஹாஜ் படியேறி வந்தாள். கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், ஸலாம் சொன்னாள், மாமாவுக்கு எதிரே பதவிசாக உட்கார்ந்தாள்.

மாமா தன்னை அறியாமல் எழுந்து அடுப்பு மேடைக்குப் போனார். வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி ஊற்றாமல் அவர் இருந்ததே இல்லை. வானமே இடிந்து விழுந்தாலும் ஊற்றுவார். அன்று நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. காலையில் போட்டதில் மிச்சம் இருந்ததைச் சூடாக்கி, கோப்பையில் ஊற்றி, ஏலக்காய் மணக்க நீட்டினார்.

இப்திஹாஜ் இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்காமல் தரையில் வைத்தாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. எங்களிடையே பெண் கேட்டு வந்தாலும், கொலைப் பழியை மன்னிக்கச் சொல்லி வந்தாலும், வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் குடிப்பார். காப்பியைக் குடிக்காமல் ஒருவர் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டின் மானம் அவரோடு போய்விடும். தலைமுறைக்கும் பேசுவார்கள்.

"ஏய், எடு அதை. இதெல்லாம் ஆம்பளைங்க பெரிய மனுஷங்களாக் கூடி வந்து செய்யிறது."

"ஆம்பளைங்க எல்லாம் ஓடிட்டாங்க அபூ ரஸ்மி. நான்தான் மிச்சம்."

"பொம்பள வெச்ச காப்பி செல்லாது."

"புறாக்காரன் சாட்சி செல்லாது, பொம்பள காப்பி செல்லாது. சரியாப் போச்சு. ஆறுறதுக்குள்ள சொல்லுங்க. நான் குடிக்காம இங்கேயே செத்தா, 'அபூ ரஸ்மி வீட்டுல காப்பியக் கீழ வெச்சபடியே செத்தா'ன்னுதான் என் மய்யித்தத் தூக்குறவன் பேசுவான்."

மாமா கோப்பையைப் பார்த்தார். படிக்கட்டில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியில் மென்று முழுங்கிக்கொண்டு சொன்னார்: "குடி. வந்த காரியம் முடிஞ்சது."

"குடிக்க நேரமில்ல, எந்திரிங்க" என்றாள் அவள்.

மாடிக்கு ஓடிக் கூண்டுகளையெல்லாம் திறந்துவிட்டு அவர் இறங்கினார். தெருமுனை தாண்டியதும் பின்னால் வீடு போன சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முத்து வைத்த கொடி மட்டும் முன்னால் ஆடிக்கொண்டே போனது. அங்கிருந்து தெற்கே நடந்து நடந்து, கடைசியில் தைர் அல்-பலாஹ் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தோம்.

கூடாரத்தில் மாமா சாயங்காலமானால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "புறாவுக்கு தைர் அல்-பலாஹ் தெரியுமா மாமா?" என்று எரிந்து விழுவேன். பிறகு யாரோ வந்து, இடிந்த வீட்டின் மேல் அவை வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்று அவரும் நானும் சேர்ந்து அழுதோம்.

இப்திஹாஜ் எங்கள் வரிசையிலேயே இருந்தாள். இன்னும் இரண்டு தடவை எங்களை இடம் மாற்றினாள், ஒரு உயிர் போகாமல். குளிர் வந்தது. ஃபாத்தினின் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. நகரத்துக்குள் அவளுடைய சித்தி வீடு இருந்தது, கான்கிரீட் கூரை. ஃபாத்தின் போகத் தயங்கினாள், கூட்டத்தோடு இருப்பதே மேல் என்றாள்.

"போடி. அங்க பத்திரமா இருப்ப, நான் சொல்றேன்ல" என்று இப்திஹாஜ்தான் மூட்டை கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வீட்டை அடித்துவிட்டார்கள். போனும் இல்லை, ஒன்றும் இல்லை. ஃபாத்தின், குழந்தை, சித்தி, எல்லோரும்.

இப்திஹாஜ் அன்றிலிருந்து யாரையும் திட்டவில்லை. உம்மு ஹாதிம் வேண்டுமென்றே தண்ணீர் வரிசையில் முண்டி அடித்துப் பார்த்தாள், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

அடுத்த உத்தரவு எங்கள் கூடாரங்களுக்கே வந்தது. இந்தப் பகுதியைக் காலி செய்யுங்கள் என்று வானத்திலிருந்து தாள்கள் விழுந்தன. எல்லோரும் மூட்டை கட்டினார்கள், ஆனால் கிளம்பவில்லை. இப்திஹாஜ் தன் கூடாரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தால் எழலாம் என்று வரிசை முழுக்க நின்றது. பழக்கம் அப்படி.

"நீங்க போங்க" என்றாள் என்னிடம். "நான் வரல. யாரையும் வான்னு சொல்லவும் மாட்டேன். அன்னைக்குச் சொன்னது போதும்."

நான் கெஞ்சினேன். உம்மு ஹாதிம் அழுதாள். தூரத்தில் டாங்கிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் மூட்டைகள்மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது மாமா வந்தார். கையில் ஒரு தகரக் கிண்டி. செருப்பைக் கழற்றினார், ஸலாம் சொன்னார், அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கிண்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"என்னது இது?"

"வறுத்த கொண்டைக்கடலைக் காப்பி. வேற எங்க கிடைக்குது?"

"விருந்தாளியே காப்பி கொண்டு வர்ற கூத்தை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று எங்களைக் கேட்கும்போதே, அவளுடைய கை கோப்பையைத் தேடி எடுத்துவிட்டது. வந்தவர் உட்கார்ந்துவிட்டால் ஊற்றத்தான் வேண்டும், அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது. ஊற்றி நீட்டினாள்.

மாமா இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்காமல் பாயில் வைத்தார்.

இப்திஹாஜ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கிழவா!"

"வெச்சாச்சு" என்றார் மாமா.

"நான் பொம்பள. எனக்கு வீடு கிடையாது, மானம் கெடுறதுக்கு வாசலும் கிடையாது. செல்லாது."

"அன்னைக்கு நீ வெச்சது செல்லுச்சு. என் வீடு போச்சு, என் புறா போச்சு, நான் மட்டும் கெடக்கறேன். எல்லாம் உன்னாலதான். அந்தக் கோபம் இன்னும் தீரல. உன்னை இங்க சாகவிட்டுட்டுப் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?"

அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். பிறகு, "நான் சொல்லித்தான் அவ போனா அபூ ரஸ்மி" என்றாள்.

"தெரியும்" என்றார் மாமா. 'உன் தப்பில்லை' என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேச வராது. கோப்பையை மட்டும் ஒரு விரலால் அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். "ஆறுது பாரு."

இப்திஹாஜ் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குடிங்க. வந்த காரியம் முடிஞ்சது."

மாமா ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "தூ. இதுக்கு நான் செத்தே இருக்கலாம்."

அவள் எழுந்து கொடியை எடுத்தாள். அழுக்கேறி, பாதி முத்து உதிர்ந்துபோயிருந்தது. வெளியே வந்து பார்த்தாள். உம்மு ஹாதிம் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயே, பூட்டும் போடப் போறியா? நட!"

அந்தத் திட்டைக் கேட்டதும் வரிசை முழுக்க எழுந்தது. உம்மு ஹாதிம் சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பு.

கடலோரச் சாலையில் நடக்கும்போது இப்திஹாஜ் என் பக்கத்தில் வந்தாள். என் கடைசிப் பெண் அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"உம்மு குஸய், போற இடம் பத்திரமா?" என்று என் மூத்த மகன் பேரைச் சேர்த்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டினாள். பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முன்னால் ஒரு பெண் பாத்திர மூட்டையோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், எங்களுக்கு யாரென்று தெரியாதவள், மடியில் ஒரு கைக்குழந்தை. அங்கே போனால் பத்திரமா என்று அவளும் எங்களைக் கேட்டாள். 'ஆமாம்' என்று சொல்ல என் வாய் திறந்தது. இப்திஹாஜ் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "ஆனா தனியா இருக்காத. எந்திரி, என்னோட வா." பாத்திர மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.