மானை எழுப்பாத பாறூக்

படம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் பாறூக் தான் உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டியிலிருந்து எழுந்து, புரொஜெக்டருக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவே வந்து நின்றுகொள்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். எந்தப் பாடசாலையானாலும் இப்போது இதுதான் வழக்கம். இயந்திரத்தின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் படம் பின்னோக்கி ஓடும். போன மாதம் ஒரு தலைமையாசிரியர் எட்டி அதைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து பாறூக் காவல் நிற்கிறார்.

அரசாங்கப் படவண்டியில் ஒன்பது வருடமாக ஒப்பரேட்டர். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவர். சுருள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே ஃபில்மின் ஓரத் துளைகளில் எது கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மாத்தளை மாவட்டத்தில் மின்சாரம் எட்டாத பாடசாலைகளுக்கெல்லாம் வண்டி போகும். வெளியே ஓட்டுநர் அழகையா ஜெனரேட்டரை முடுக்குவார். உள்ளே ஜன்னல்களைக் கம்பளியால் மூடிப் பகலை இருட்டாக்குவார்கள். படத்தின் ஆங்கிலத்தைத் தணித்துவிட்டு, மைக்கில் பாறூக்கே தமிழிலும் சிங்களத்திலும் கதை சொல்லுவார்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது காட்டு மிருகங்களின் படம்தான். அதில் பதினோராவது நிமிடத்துக்குச் சற்றுப் பின்னால் சிறுத்தை ஒரு பெண் மானின் கழுத்தைக் கவ்வும். முன்பெல்லாம் அந்த இடம் வந்ததும் பாறூக் மைக்கில், “பயப்பட ஒண்டுமில்ல புள்ளைகளே, இப்ப பாருங்க” என்பார். பிடியைத் தள்ளுவார். சிறுத்தை வாயை விடும். மான் எழுந்து நிற்கும். சிறுத்தை பின்பக்கமாகவே நடந்து புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மண்டபம் கைதட்டலில் அதிரும். பிறகு படத்தை முன்னோக்கி விட்டு, அந்த இடம் கடக்கும்வரை லென்ஸுக்கு முன்னால் தன் தொப்பியைப் பிடித்துக்கொள்வார். இந்த வித்தைக்காகவே தலைமையாசிரியர்கள் அவரைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ரிவர்ஸ் மாமா’.

அந்த ரிவர்ஸ் மாமா போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்துபோனார்.

அன்று வண்டி சீகிரியாப் பக்கம் ஒரு கிராமத்தில் நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தந்தி வந்தது. உம்மாவுக்குச் சற்றுச் சுகமில்லை, பயப்பட ஒன்றுமில்லை, வரவும் என்று மச்சான் ஜமால்தீன் அடித்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்பதைப் பாறூக் அப்படியே நம்பினார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பின்னேரம் படத்தைப் போட்டு, மானை எழுப்பி, கைதட்டல் வாங்கி, மறுநாள் காலைதான் புறப்பட்டார்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்த விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. உம்மா பீபி செவ்வாய் விடியற்காலை சுபஹோடு மவுத்து. அன்று பின்னேரமே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கியாயிற்று.

“நீ தாங்க மாட்டாய்ண்டுதான் அப்படி அடிச்ச. வழியில ஒடஞ்சி போயிட்டா?” என்றார் ஜமால்தீன்.

“மய்யத்த எத்தன மணிக்குத் தூக்கின?”

“நாலு இருக்கும்.”

பாறூக் மனதுக்குள் கணக்குப் போட்டார். தந்தி பன்னிரண்டுக்கு. வண்டியில் வந்தால் இரண்டு மணி நேரம். இரண்டு மணிக்கு வந்திருந்தால் முகம் பார்த்திருக்கலாம். இந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அழகையாவைத் தவிர. அழகையாவிடம் அடிக்கடி சொல்லுவார். ஒவ்வொரு முறையும் இரண்டு மணிதான் வரும்.

அதற்குப் பிறகு அவர் படத்தைத் திருப்பவில்லை, தொப்பி பிடிக்கவில்லை. சிறுத்தை கவ்வுகிறது, மான் உதைக்கிறது, ஓய்கிறது. முழுதாக நாற்பது விநாடி. பிள்ளைகள் சிலர் அழுகிறார்கள். பகல் சோறு சாப்பிட மறுக்கிறார்கள். ஒரு பாடசாலையில் ஒரு பெண்பிள்ளை பாவாடையை நனைத்துவிட்டாள். தலைமையாசிரியர்களின் புகார்க் கடிதங்கள் போயின. அலுவலகத்தில் பெரியவர் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார்: பழையபடி திருப்பிக் காட்டு, இல்லாவிட்டால் வண்டியை விட்டு ஸ்டோருக்குள் போய் உட்கார். இன்னும் ஒரு புகார் வந்தால் ஸ்டோர்தான்.

“என்னாங்க பாறூக் நானா, ஒரு மானச் சாகடிக்கவா இவ்வளவு பெட்ரோல எரிச்சிக்கிட்டு மலையேறுறோம்?” என்று அழகையா குத்துவார். “ஸ்டோருல கரப்பான்பூச்சிக்குப் படங் காட்டப் போறீங்களா?”

“கரப்பான் அழாது. புகாரும் எழுதாது” என்பார் பாறூக்.

போன வாரம் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் நல்ல மனிதர். வண்டி நின்றதும் பால் சேர்க்காத பிளேன்டீ கொடுத்து, அருகில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

“மிஸ்டர் பாறூக், இதுங்க சின்னப் பிள்ளைங்க. இந்த வயசுல இதெல்லாம் பார்க்கணுமா? நீங்க முந்தி செஞ்சீங்களே, அதையே செய்யுங்க. எனக்குக் கடிதம் எழுத ஆசையில்ல.”

“சேர், சின்னப் புள்ளைகளுக்கு ஏலாதுண்டு சொல்றவங்க, தங்களுக்கு ஏலாததத்தான் சொல்ற.”

“லயத்து வீட்டு நாயச் சிறுத்தப்புலி தூக்கினத இதுங்க நேருல பாத்திருக்குங்க சேர்” என்று அழகையா வாசலிலிருந்து சேர்ந்துகொண்டார்.

“பார்த்திருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன். பள்ளிக்கூடத்துலயாவது அது வேணாம்.”

பாறூக் பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பதினோராவது நிமிடத்தில் எழுந்து நின்றார். சிறுத்தை கவ்வியது. இருட்டில் பிள்ளைகளின் மூச்சு ஒரே மூச்சாக நின்றது. மான் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல்:

“மான் செத்துருச்சா?”

“இல்லம்மா, தூங்குது” என்றார் மாணிக்கவாசகம் அவசரமாக.

பாறூக் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “செத்துட்டுது மகள்.”

யாரும் அழவில்லை. திரையில் குளமும் கொக்குகளும் வந்தன. அந்தப் பிள்ளை எழுந்து, குனிந்து, திரையில் நிழல் விழாமல் பின்னால் வந்தாள். பாப்பம்மா என்று பெயர். இரண்டாம் வகுப்பு.

“ஒரு குட்டி நின்னுச்சே. அது எங்க போச்சு?”

பாறூக் குனிந்து அவளைப் பார்த்தார். “எந்தக் குட்டி?”

“அம்மா மானுக்குப் பின்னாடி. புல்லுக்குள்ள. காது மட்டும் தெரிஞ்சுச்சு.”

இந்தப் படத்தை அவர் நூற்று முப்பது தடவைக்கு மேல் ஓட்டியிருக்கிறார். முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும். குட்டியைக் கண்டதில்லை.

“அது இனி என்னா செய்யும்?”

பயப்பட ஒண்டுமில்ல என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

“தெரியாது மகள்” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மாணிக்கவாசகம் தன் அறைக்குப் போய்விட்டார். கதவு திறந்திருந்தது. அவர் பேனாவில் மை நிரப்புவது தெரிந்தது.

படம் முடிந்தது. பிள்ளைகள் ஜன்னல்களிலிருந்து கம்பளிகளைக் கழற்றினார்கள். பின்னேர வெயில் மண்டபத்துக்குள் விழுந்தது. அழகையா ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவிட்டு ஹோர்ன் அடித்தார். பிறகு ஒருமுறை. பிறகு நீளமாக.

பாறூக் ஜன்னலோரம் நின்றார். சுருளைப் பிரித்து, ஃபில்மை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மானும் சிறுத்தையும் இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவர் மானுக்குப் பின்னால் இருந்த புல்லை மட்டும் பார்த்தார்.