ஊர் தள்ளி வைத்த வீட்டுப் பிள்ளை

அன்று பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தவர்கள்: வலை உலர்த்திக்கொண்டிருந்த நான், என் மனைவி, எட்டு வயது மகள் செல்வி, அவளோடு விளையாடும் பிள்ளைகள் மூன்று பேர். தள்ளி, தண்ணீரில் தனியாகக் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள் செல்வி வயதுக் குமாரி.

செல்வியும் குமாரியும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஏரியில் வலை போட ஊரில் ஆளுக்கு ஆள் நாள் முறை உண்டு; குமாரியின் அப்பா தன் முறை இல்லாத நாளில் வலை போட்டுவிட்டார். அந்த வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர் தள்ளி வைத்தது. நானும் செல்வியை மிரட்டினேன்: “அந்த ஊட்டு ஆளுங்ககிட்ட வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

குமாரி சேற்றில் கால் மாட்டி முழுகினாள். பிள்ளைகள் நால்வரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தற்செயலாகத் திரும்பிய நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பிழைத்தாள்.

“ஏன்டி கூவல?” என்று செல்வியைக் கேட்டேன்.

“நீதான நைனா பேசக்கூடாதுன்ன? கூவுனா என்னையும் ஆட்டத்துல சேத்துக்க மாட்டோம்னு இவுங்க சொல்லிக்கினு இருந்தாங்க.”

அடுத்த மாதம் ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. குமாரியின் அப்பாவும் நானும் இப்போது ஒரே படகில் போகிறோம்.

அதன்பின் ஊர் யாரைத் தள்ளி வைத்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்படி செல்விக்குப் பின் பிறந்த என் சின்னப் பிள்ளைகளை நானே அனுப்புகிறேன். குமாரி மட்டும் செல்வியோடு இன்றுவரை பேசவில்லை.

பதினோரு வருஷம்.