வளைவில் போட்ட கோடு

நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு குந்திவிட்டால், மறுமுனையில் ராயப்பன் "சரி" என்று சொல்லும்வரை மாணிக்கம்மாள் அசையமாட்டாள். தார்ச்சாலை கொதித்தாலும் சரி, ஷிப்ட் பஸ் ஒன்று முதுகை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனாலும் சரி. சுண்ணாம்பில் தோய்த்த நூலைச் சுண்டிவிட்டதும் சாலை நடுவே மெல்லிய கீற்று விழும். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டை இழுப்பது அவள் வேலை. "உன் பக்கம் வளையுதுய்யா" என்று அவள் சொன்னால் ராயப்பன் மறுபேச்சில்லாமல் நூலை நகர்த்துவான். அவள் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

வடக்குத்து கிராமத்துக்காரி. நாற்பதைத் தொட்டவள். நெய்வேலி டவுன்ஷிப் சாலைகளில் காண்ட்ராக்ட் கூலியாக ஏழு வருஷம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் பார்த்து முந்தலாம், விடாமல் போட்ட கோடு என்றால் தாண்டக்கூடாது என்பது தெரியும். ஈரப் பெயிண்டில் சைக்கிளை ஏற்றுகிறவர் எந்தப் பெரிய உத்தியோகக்காரராக இருந்தாலும் விடமாட்டாள். "ஏங்க, கண்ணு தெரியலீங்களா? இன்னா, வாசக்கோலமா இது, மிதிச்சிக்கினு போறீங்க?" கை கழுவ மண்ணெண்ணெய்தான். அந்த வாசம் சோற்றில் ஏறுகிறது என்று வீட்டில் கரண்டியைத் தொடவே விடமாட்டாள் மகள் பாப்பா. கொசுவத்தில் வெள்ளைப் புள்ளி தெறிக்காத சேலை அவளிடம் ஒன்றே ஒன்று. எண்பத்திரண்டாம் வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அவள் கடலூர் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது.

அந்த வருஷம் ஆனி மாதம், இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்கள் போகிற நேரம். ஆஸ்பத்திரிச் சாலை வளைவில் விடாத கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வளைவுக்கு முன்னால் பஸ் ஒன்று ஆள் ஏற்ற நின்றது. அதன் பின்னால் வந்த லாரி பொறுக்கவில்லை. வலப்பக்கம் ஒடித்து, கோட்டைத் தாண்டி, பஸ்ஸை முந்தியது. அந்தப் பக்கம் பெயிண்ட் டின்னோடு ராயப்பன் நின்றிருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடிய பிறகுதான் மாணிக்கம்மாள் சாலையைப் பார்த்தாள். டயர் ஈரக்கோட்டை மிதித்து, அந்தப் பக்கம் பத்தடி தூரத்துக்கு வெள்ளைத் தடம் பதித்திருந்தது. அவள் செங்கற்களைப் பொறுக்கி வந்து தடத்தைச் சுற்றி அடுக்கினாள். போலீஸ் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அப்புறம்தான் லாரியின் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு வீராயியின் மகன் கண்ணையன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பாப்பாவைப் பாம்பு கடித்தபோது, இதே கண்ணையன்தான் இதே லாரியில் அவளைப் போட்டுக்கொண்டு பறந்தவன். இன்னும் கால் மணி பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராயப்பனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வழக்கு நாள் நெருங்க நெருங்க வீராயி தினமும் வந்தாள். முதலில் அழுதாள். பிறகு வக்கீல் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். "கோடு இன்னும் போடவே இல்லன்னு சொல்லிடுடீ. நூல்தான் புடிச்சிக்கினு இருந்தோம்னு சொல்லு. அவ்ளோதான் கேக்கறேன்."

"தடம் இருந்திச்சேக்கா. போலீசு படம் புடிச்சிக்கினு போயிருக்கு."

"பெயிண்டு டின்னு கவுந்து கொட்டிச்சின்னு சொல்லு. உன் பொண்ணு உசுரோட நிக்குதுன்னா எவனால நிக்குது?"

உள்ளே பாப்பா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

அந்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராயப்பன் வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "மீதிக் கோட்ட முடிச்சிட்டியா?" என்றுதான் கேட்டான். "இன்னும் இல்ல" என்றாள். போர்வை இடப்பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தாள்.

கோர்ட்டில் கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோடு போட்டிருந்ததா என்று கேட்டதும், "போட்டிருந்திச்சிங்க. நான்தான் போட்டேன்" என்றாள். பின்வரிசையில் வீராயி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கண்ணையனின் வக்கீல் எழுந்தார். "கோடு போடச் சொல்லி எழுத்தில் உத்தரவு பார்த்தாயா?"

"மேஸ்திரி சொன்னாருங்க."

"மேஸ்திரி சொல்லி ஒரு கூலியாள் இழுத்த பெயிண்ட். காயக்கூட இல்லை. அது சட்டமா? அதை டிரைவர் மதித்தே ஆகவேண்டுமா?"

"சட்டமான்னு எனக்குத் தெரியாதுங்க."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "உன் மகளைப் பாம்பு கடித்தபோது இவன்தானே கொண்டுபோனான்? அன்றைக்குக் கோட்டைத் தாண்டி ஓட்டினானா, இல்லையா?"

அவள் கண்ணையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாண்டித்தாங்க ஓட்டனான்."

"அப்போது நீ தடுத்தாயா?"

"இல்லீங்க. எம் புள்ள மடியில கெடந்தா. அன்னிக்கி எதிர்ல யாராச்சும் வந்து மாட்டியிருந்தா, அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருந்திருக்குமுங்க. அவன் எனக்குப் பண்ணத நான் மறக்கல. ஆனா ராயப்பன் கோட்டுக்கு அந்தாண்ட நின்னான். கோடு இருக்குதுன்னு நம்பித்தாங்க நின்னான்."

வக்கீல் உட்கார்ந்தார்.

தீர்ப்பை அவளுக்குக் கோர்ட் குமாஸ்தாதான் விளக்கிச் சொன்னார். கோடு போட முறையான உத்தரவு இருந்ததா என்ற கேள்விக்குள் நீதிபதி போகவில்லையாம். எதிரே தெரியாத வளைவில் வலப்பக்கம் ஏறி முந்தக்கூடாது. கோடே இல்லாத சாலைக்கும் அது பொருந்தும். கோடு இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, தெரிந்தும் ஏறினான் என்பது அவன் கவனமின்மைக்குச் சாட்சி. மூன்று மாதம் சிறை. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு இல்லை.

"அப்ப கோடு சட்டமா, இல்லீங்களா?" என்று கேட்டாள் மாணிக்கம்மாள். குமாஸ்தா காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணையனைக் கூட்டிப்போகும்போது அவன் அவள் பக்கம் திரும்பினான். "பாப்பாவ நல்லா பாத்துக்க சின்னம்மா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஊருக்குப் போக ஒரே பஸ்தான். வீராயி முன்சீட்டில், இவள் கடைசியில். வடலூரில் இறங்கி, சாலையைக் கடந்து, வடக்குத்து பஸ் பிடிக்க வேண்டும். சாயங்கால நேரம், லாரியும் பஸ்ஸும் விட்ட பாடில்லை. வீராயி ஓரத்தில் நின்று ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மகன் துணையில்லாமல் அவள் வடலூரைக் கடந்ததே இல்லை.

மாணிக்கம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல், வண்டிகள் வருகிற வலப்பக்கமாகப் போய் வீராயியை ஒட்டி நின்றாள். வீராயி நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள். சாலையின் நடுவுக்கு வந்ததும், வண்டிகள் இனி இடப்பக்கத்திலிருந்துதான் வரும் என்று, வீராயியின் முதுகுக்குப் பின்னால் சுற்றி அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள்.